மணிக்கு மோஷன் டெஸ்ட்!

காலை மணி ஆறு. எங்கள் நாய்க்குட்டி பெயரும் மணி. முன்னால் அது, பின்னால் மூடி போட்ட டப்பாவும் ஐஸ்க்ரீம் குச்சியுமாக நான். ''என்ன சார், புதையலா?'' என்றார் எதிர்வீட்டு மாமா.

புதையலேதான்! மணியின் வயிற்றில் யார் வாடகை தராமல் குடியிருக்கிறார்கள் என்பது அதை வைத்துத்தானே தெரியும்?

லேபில் நடப்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த வித்தைதான். கோழிமுட்டை சாதாரணத் தண்ணீரில் முங்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும் இல்லையா? அதேதான். நூறு மில்லி தண்ணீருக்குச் சுமார் 36 கிராம் உப்பு, அதற்குமேல் கரையாது. அதில் சாம்பிளைக் கலக்கி, வடிகட்டி (காபி குடித்துக்கொண்டிருப்பவர்கள் மன்னிக்க!), குழாயில் விளிம்பு வரை ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை வைப்பார்கள். கால் மணி நேரத்தில் புழுமுட்டைகள் மிதந்து வந்து வில்லையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மைக்ராஸ்கோப்.

ரிப்போர்ட் வந்தது: 'முட்டை எதுவும் இல்லை.' வீட்டில் ஒரே குஷி. டாக்டர் மட்டும் மணியின் ஈறைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வெளுத்திருந்தது.

''முட்டை இல்லேன்னுதானே ரிப்போர்ட்? புழுவே இல்லேன்னு யார் சொன்னா?''

பருவத்துக்கு வராத புழு முட்டை போடாது. பருவத்துக்கு வந்ததும் தினமும் ஒரே அளவில் போடாது. நாடாப்புழுவோ முட்டைகளை அரிசிமணி மாதிரித் துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டி அனுப்பும். உப்புத் தண்ணீரில் பெரும்பாலும் சிக்காது. போதாக்குறைக்கு நான் கொண்டுபோனது முந்தின நாள் சரக்கு. நம்மூர் வெயிலில் கொக்கிப்புழு முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும்!

இரண்டு வாரம் கழித்து மறுபடி குச்சி, டப்பா. இந்தத் தடவை மண் ஒட்டாமல், சுடச்சுட. கொக்கிப்புழு முட்டை ஏராளம்! குடலைக் கடித்து ரத்தம் குடிக்கிற புழு அது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு காரணத்துக்காக. எங்கள் நாலு வயது வாண்டு அந்த மண்ணில்தான் வெறுங்காலோடு வீடு கட்டுகிறாள். நாயின் கொக்கிப்புழுக் குஞ்சு மனிதத் தோலுக்குள் புகுந்தால் கோலம் போட்டாற்போல அரிப்புக் கோடு கிளம்பும். நாயின் உருளைப்புழு முட்டை வாய்க்குள் போனால் அபூர்வமாகக் கண்பார்வைக்கே ஆபத்து. ஒரு ஆறுதல்: புதிதாக விழுந்த உருளைப்புழு முட்டை உடனே தொற்றாது. மண்ணில் கிடந்து முற்ற இரண்டு வாரமாவது ஆகும். அன்றன்றைக்கே அள்ளிப்போட்டால் பாதி கவலை விட்டது.

மருந்து கொடுத்தாயிற்று. மூன்றாவது டெஸ்ட் அடுத்த வாரம். ''லேபுக்குப் போக லேட்டானால் ஃபிரிஜ்ஜில் வைக்கலாமாம்'' என்றேன் மனைவியிடம்.

''அப்ப மோரை எங்க வைக்கிறதாம்?'' என்றாள்.