‘12% தான் சார்’ என்ற கடன் 22% ஆவது எப்படி? பத்தாம் வகுப்பு கணக்கு போட்டுப் பார்ப்போம்

"ஒரு லட்சம் தர்றோம். 12 மாசத்துல கட்டிடுங்க. வட்டி 12 பர்சென்ட் ஃபிளாட்தான் சார்!"

இப்படி ஒரு அழைப்பு வந்தால், மாதத் தவணை சம்பளத்துக்குள் அடங்குமா என்பதைத்தான் முதலில் பார்ப்போம். ஆனால் பள்ளியில் படித்த கூட்டுத்தொடர் கணக்கைப் படிப்படியாகப் போட்டால் வேறு விடை வருகிறது.

கொடுக்கப்பட்டவை

அசல் ரூ.1,00,000. காலம் 12 மாதம். வட்டி 12% ஃபிளாட். அதாவது, நீங்கள் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி உண்டு.

கண்டுபிடிக்க வேண்டியது

உண்மையான ஆண்டு வட்டி எத்தனை சதவீதம்?

படி 1: மொத்த வட்டி ரூ.12,000. திருப்பிக் கட்டுவது ரூ.1,12,000. மாதத் தவணை ரூ.9,333.

படி 2: அந்தத் தவணையில் ரூ.1,000 வட்டி; மீதி ரூ.8,333 அசல். எனவே முதல் மாதம் உங்கள் கையில் இருக்கும் கடன் ரூ.1,00,000. அடுத்த மாதம் ரூ.91,667. இப்படியே குறைந்து, 12-ஆம் மாதம் வெறும் ரூ.8,333.

படி 3: இந்த 12 தொகைகளையும் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றாகக் கூட்டத் தேவையில்லை. முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி, உறுப்புகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கினால் போதும். 6 × 1,08,333 = சுமார் ரூ.6,50,000.

படி 4: இதை 12-ஆல் வகுத்தால் ரூ.54,167. ஆண்டு முழுக்க சராசரியாக உங்களிடம் இருந்த கடன் இவ்வளவுதான். அதற்கு ரூ.12,000 வட்டி என்றால், சுமார் 22%.

இது தோராயக் கணக்கு. இஎம்ஐ சூத்திரப்படி துல்லியமாகப் போட்டால் ஏறக்குறைய 21.5% வரும்.

சரிபார்ப்போம்

அதே 12% வட்டியை, குறையும் அசலுக்கு மட்டும் போட்டால் என்ன ஆகும்? தவணை சுமார் ரூ.8,885, மொத்த வட்டி ரூ.6,619. ‘ஃபிளாட்’ என்ற ஒரே சொல்லுக்காக நீங்கள் கூடுதலாகக் கட்டுவது சுமார் ரூ.5,381.

கையெழுத்துக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, ‘முக்கிய விவர அறிக்கை’ தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியோடு பிராசஸிங் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்த ஆண்டு விகிதம், அதாவது ஏபிஆர், அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். ஏழு நாளோ அதற்கு மேலோ காலம் கொண்ட கடன் என்றால், அந்த நிபந்தனைகளை ஏற்க குறைந்தது மூன்று வேலை நாட்கள் அவகாசம் உண்டு.

ஆகவே "தவணை எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல், "ஏபிஆர் எவ்வளவு?" என்றும் கேளுங்கள். பதில் வந்த பிறகு ஒரு தாளில் இந்த நான்கு படிகளையும் போட்டுப் பாருங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.