பனைமலைத் தேவி

மத்தியதரைக் கடலிலே கிரீட் என்று ஒரு தீவு. மலைகளும் ஒலிவ மரத் தோப்புகளும் நிறைந்த அத்தீவில், 1900-ஆம் ஆண்டில் ஆர்தர் எவன்ஸ் என்னும் ஆங்கிலேயர் நாஸஸ் என்ற இடத்தைத் தோண்டத் தொடங்கினார். சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அரண்மனையும் அதன் வர்ணச் சித்திரங்களும் வெளிப்பட்டன. இன்றும் அவற்றைக் காண உலகமெங்குமிருந்து யாத்ரிகர்கள் போகிறார்கள். நம்மில் எத்தனை பேர் விழுப்புரத்தில் இறங்கி அரை நாள் செலவிட்டுப் பனைமலைக்குப் போய் வந்திருக்கிறோம்?

செஞ்சிக்குத் தெற்கே, ஏரிக் கரையில் எழும் பாறைக் குன்றின் மீது நிற்கிறது தாளகிரீசுவரர் ஆலயம். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த ராஜசிம்ம பல்லவனே இதையும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினான். இதே மாவட்டத்து மண்டகப்பட்டில், நூறாண்டுக்கு முன் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஒன்றுமின்றிக் கோயில் அமைத்ததாகக் கல்லிலே பெருமை பேசியிருக்கிறான். அவன் குடைந்தான், ராஜசிம்மன் கல்லை அடுக்கிக் கட்டினான்.

பனைமலையின் வடபுறச் சிற்றாலயத்து உட்சுவரில்தான் அந்தச் சித்திரம் இருக்கிறது. தலைக்கு மேலே குடை, சிரசில் மகுடம், ஒரு காலை மடித்து ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறாள் உமாதேவி. பாதி தாழ்ந்த அந்தக் கண்களை எழுத்தில் வர்ணிக்க முடியாது, போய்த்தான் பார்க்க வேண்டும். அடுத்த சுவரில் சிவபெருமான் ஆடுகிறார்; அந்த நடனத்தையே தேவி பார்க்கிறாள். ஆனால் ஆடுகிறவரின் உருவம் பெரும்பாலும் உதிர்ந்து போயிற்று. மிச்சமிருப்பது பார்க்கிறவள்தான்.

அழிந்ததைப் புதிதாக எழுதிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். நாஸஸில் அதைச் செய்தார்கள். உடைந்த துணுக்குகளை ஒட்டி, இல்லாததைக் கற்பனையால் நிரப்பினார்கள். 'லில்லி இளவரசன்' என்று பிரசித்தி பெற்ற உருவமே வெவ்வேறு சித்திரங்களின் துண்டுகளைச் சேர்த்தது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்! எது பழமை, எது புதுமை என்று அங்கே இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. பனைமலைத் தேவிக்கு அந்த உபகாரம் வேண்டாம். குன்றேறுகிற நாம் கற்பூரப் புகையையும், பெயர் கீறும் ஆணியையும், தொட்டுப் பார்க்கும் விரலையும் அந்தச் சுவரிலிருந்து விலக்கி வைத்தால் போதும்.