திரும்பி வர வாகனம் இருந்தும் சுனிதா ஏன் காத்திருந்தார்?

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கிறது. அதை இறைக்கும் பம்புகள் இரவு பகலாக ஓடியாக வேண்டும். அதனால் அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நின்றால்தான் இந்த ஷிப்ட் ஆள் நகர முடியும். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் இதே நியாயம்தான். 2000 நவம்பர் 2 முதல் அது ஒருநாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. விண்வெளி வீரர்களான சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2024 ஜூனில் சென்ற ஸ்டார்லைனர் விண்கலம், கோளாறு காரணமாகச் செப்டம்பரில் காலியாகத் திரும்பியது. அம்மாத இறுதியிலேயே அவர்களுக்காக 2 காலி இருக்கைகளோடு டிராகன் விண்கலம் வந்துவிட்டது. அப்போதே ஏறி வந்திருக்கலாமே என்பீர்கள். அந்த டிராகனில் வந்த இருவருக்கும் ஆபத்தில் தப்ப அதுதான் வழி. அது கிளம்பினால் அவர்களும் கிளம்ப வேண்டும். முந்தைய குழு அக்டோபரில் திரும்பியபின், சோயுஸ் விண்கலத்தில் வந்த மூவரே மிஞ்சியிருப்பார்கள். அவர்களில் அமெரிக்கர் ஒருவர்தான்.

மூவர் போதாதா? நிலையம் விழுந்துவிடாது, தரையிலிருந்தே பெரும்பகுதியை இயக்கலாம். ஆனால் சிறுநீரைக் குடிநீராக்கும் இயந்திரம் மக்கர் செய்தால் ஸ்பேனர் பிடிக்க அங்கே கை வேண்டும். வெளியே போய்ப் பழுதுபார்க்க இருவர் வேண்டும்; அமெரிக்கப் பகுதிக்கோ ஒருவரே இருந்திருப்பார். ஆகவே காத்திருந்தது சரியான முடிவு என்பேன்.

மாற்றுக்குழு 2025 மார்ச் 14-ல் கிளம்பியது. 400 கி.மீ. உயரத்துக்கு ஏன் 29 மணி நேரம்? நேராக ஏறிப் பிடிக்க முடியாது. தாழ்வான பாதையில் ஒரு சுற்று சீக்கிரம் முடியும். அப்படிச் சுற்றிச்சுற்றி இடைவெளியைக் குறைத்து, கடைசியில் அங்குலம் அங்குலமாக நெருங்குவார்கள். மார்ச் 16-ல் இணைந்தார்கள். எந்தப் பை எங்கே, எந்த இயந்திரத்துக்கு என்ன குணம் என்று பழையவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். 18-ஆம் தேதி சுனிதா கிளம்பினார்.