பெருங்கதவில் ஒரு திட்டிவாசல்: மடிக்கணினியின் துணைத்திரை

காலை எட்டரை மணி. அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் செல்லும் பேருந்தில் நிற்கவும் இடமில்லை. கல்லூரி மாணவி ஒருத்திக்கு எப்படியோ உட்கார இடம் கிடைத்துவிட்டது. மடியில் பை, பைக்குள் மடிக்கணினி. இன்று செய்முறைத் தேர்வு. எந்த அறையில், எத்தனை மணிக்கு என்ற விவரத்தை நேற்றிரவு கணினியில் குறித்து வைத்திருக்கிறாள். இப்போது அதைப் பார்க்க வேண்டும். கணினியை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, அது விழித்தெழக் காத்திருந்து, கடவுச்சொல்லைத் தட்டி, குறிப்பைத் தேட வேண்டும். அதற்குள் லஸ் முனை வந்துவிடும். ஒரே ஒரு வரியைப் படிக்க இத்தனை பாடு!

மூடியின் வெளிப்புறத்திலேயே உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சிறு திரை இருந்து, அந்த ஒரு வரியை மட்டும் காட்டினால் எப்படி இருக்கும்?

இது கற்பனையன்று. அத்தகைய மடிக்கணினிகள் உண்மையாகவே விற்பனைக்கு வந்தன. அவை எவ்வாறு வேலை செய்தன, ஏன் நிலைக்கவில்லை, அவற்றின் வேலையை இன்று எது செய்கிறது என்பதைக் காண்போம்.

திட்டிவாசல்

கோயில்களிலும் கோட்டைகளிலும் பெரிய கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெருங்கதவுக்குள்ளேயே ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழையும் சிறு கதவு ஒன்று இருக்கும். அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். ஒருவர் போய்வருவதற்காகப் பெருங்கதவைத் திறக்க வேண்டியதில்லை என்பதே அதன் பயன்.

மடிக்கணினிக்கும் இப்படி ஒரு திட்டிவாசல் வைக்க மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முயன்றது. 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவில் ‘சைட்ஷோ’ என்ற ஏற்பாடு இருந்தது. தைவானைச் சேர்ந்த ஏசூஸ் நிறுவனம் ‘டபிள்யூ 5 எஃப்இ’ என்ற மடிக்கணினியின் மூடிமேல் 2.8 அங்குலத் துணைத்திரை ஒன்றைப் பதித்தது. நாட்குறிப்பு, மின்னஞ்சல், பாடல் பட்டியல் போன்றவற்றைக் கணினியைத் திறக்காமலேயே அதில் பார்க்கலாம்.

சிறு திரைக்குச் சிறு மூளை

சிறு திரையால் என்ன லாபம்? முதலாவது, மின்சாரம். திரவப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு வேண்டும். ஒரே அளவு வெளிச்சத்துக்கு, பரப்பு கூடக் கூட மின்செலவும் கூடும். மேற்சொன்ன கணினியின் பெரிய திரை 12.1 அங்குலம். கணக்கிட்டால், அதன் பரப்பு துணைத்திரையின் பரப்பைப்போல் சுமார் 17 மடங்கு.

ஆனால் திரையை மட்டும் சிறிதாக்கினால் போதாது. அந்தச் சிறு திரைக்குப் படம் அனுப்பக் கணினியின் பெரிய நுண்செயலியே விழித்திருக்க வேண்டுமென்றால் மிச்சமாவது சொற்பமே. வீட்டில் அனைவரையும் எழுப்பி விட்டுவிட்டு, ஒரு விளக்கை மட்டும் அணைத்துச் சிக்கனம் செய்வது போன்றது அது. ஆகவே துணைத்திரைக்கென்று தனியே ஒரு சிறு நுண்செயலியும், மின்சாரம் நின்றாலும் மறக்காத ஃப்ளாஷ் நினைவகமும் தேவை. கணினி உறங்கப் போகுமுன் முக்கியமான செய்திகளை அந்த நினைவகத்தில் எழுதி வைத்துவிடும். பெரிய மூளை உறங்கும். சிறு மூளை காவலிருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். பாட்டரி 50 வாட்-மணி கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். முழுதாக விழித்திருக்கும் கணினி 10 வாட் எடுத்தால், 5 மணி நேரத்தில் பாட்டரி தீர்ந்துவிடும். உறங்கும் பெரிய பகுதியும் விழித்திருக்கும் சிறு பகுதியும் சேர்ந்து 1 வாட் எடுத்தால், அதே பாட்டரி 50 மணி நேரம் வரும். இரண்டு நாளுக்கும் மேல்!

இத்தகைய சிறு மூளைகளை வடிவமைக்கும் பணி நம் அடையாற்றிலேயே நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு ‘சக்தி’ என்ற நுண்செயலிக் குடும்பத்தை உருவாக்கியது. 2018-இல் சக்திச் சில்லு ஒன்றில் லினக்ஸ் இயங்கியது. 2020-இல் அறிவிக்கப்பட்ட ‘மௌஷிக்’ என்ற சில்லு, இணையத்தோடு இணையும் சிறு கருவிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. பெரிய கணினியோடு போட்டியிடுவது அதன் நோக்கமன்று. குறைந்த மின்சாரத்தில் குறித்த வேலையைச் செய்வதே நோக்கம். துணைத்திரைக்குத் தேவைப்படுவதும் இந்தக் குணம்தான்.

ஏன் நிலைக்கவில்லை?

இவ்வளவு நன்மை இருந்தும் சைட்ஷோ பரவவில்லை. பின்னர் வந்த விண்டோஸ் பதிப்புகளில் அது கைவிடப்பட்டது. கூடுதல் திரையால் விலை ஏறியது. அதற்கென்று தனி மென்பொருள்களை எழுதவும் அதிகம் பேர் முன்வரவில்லை. ஆனால் அடிப்படைக் குறை வேறொன்று.

பேருந்து மாணவியிடம் திரும்புவோம். நேற்றிரவு எழுதிய குறிப்பைத் துணைத்திரை காட்டிவிடும். ஆனால், தேர்வு அறை மாற்றப்பட்டதாக இன்று காலை எட்டு மணிக்கு ஆசிரியர் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால்? கணினி உறங்குகிறது, செய்தியை வாங்கிக்கொள்ள ஆளில்லை. துணைத்திரை பழைய அறையையே காட்டும். இதைச் சமாளிக்க, குறித்த இடைவெளிகளில் கணினி தானே விழித்துச் செய்திகளைப் புதுப்பித்துக்கொள்ளவும் சைட்ஷோவில் வழி செய்திருந்தார்கள். ஆனால் அடிக்கடி விழித்தால் பாட்டரி கரையும். அரிதாக விழித்தால் செய்தி பழையதாகும். போதாததற்கு, ஓடும் பேருந்தில் கணினி விழித்தாலும் இணைய இணைப்பு வேண்டுமே!

துணைத்திரை சேமித்த செய்தியைக் காட்டியது. மக்களுக்கு வேண்டியிருந்தது வந்துகொண்டிருக்கும் செய்தி.

அந்தச் செய்தியை வாங்கும் கருவி அப்போதே மக்களின் சட்டைப்பையில் இருந்தது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைபேசித் தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர்வரை இயங்கியது. சைட்ஷோ மடிக்கணினிகள் வெளிவந்த காலத்தில், அங்கே கைபேசிகள் உருவாகிக்கொண்டிருந்தன. கைபேசிக்குச் சொந்தமாகச் சிறு திரை, சிறு மூளை, வானொலி அலைவழி இணைப்பு என்ற மூன்றும் இருந்தன. மடிக்கணினியின் துணைத்திரைக்கு மூன்றாவது இல்லை.

இதை மைக்ரோசாஃப்டும் உணராமலில்லை. விண்டோஸ் மொபைல் கைபேசியையே சைட்ஷோவின் துணைத்திரையாக்கும் முன்னோட்ட மென்பொருளையும் அது வெளியிட்டது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

துணைத்திரை என்ற எண்ணம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆப்பிள் 2016-இல் விசைப்பலகையின் மேல்வரிசையில் ‘டச் பார்’ என்ற நீள்திரையைத் தனிச் சில்லுடன் அமைத்தது. 2023-இல் அதுவும் விடைபெற்றது. லெனோவா 2020-இல் மூடிமேல் 10.8 அங்குல மின்மைத் திரை பொருத்திய மடிக்கணினியைக் காட்டியது. மின்மைத் திரையில் எழுத்து மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். மாறாத எழுத்து மின்சாரமின்றியே நிற்கும்.

எழுத்து எளிது, படம் அரிது

இன்று கைபேசியும் மடிக்கணினியும் கைகோத்துக்கொள்கின்றன. 2018-இல் ‘யுவர் ஃபோன்’ என்று வந்து, இப்போது ‘ஃபோன் லிங்க்’ எனப்படும் விண்டோஸ் மென்பொருளும், ‘கேடிஇ கனெக்ட்’ என்ற கட்டற்ற மென்பொருளும் கைபேசிக்கு வரும் செய்திகளைக் கணினித் திரையில் காட்டுகின்றன. கைபேசியைக் கணினியின் இரண்டாம் திரையாக்கும் மென்பொருள்களும் உண்டு.

இவ்விரண்டு வேலைகளுக்கும் பெரும் வேறுபாடு இருக்கிறது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1,120 பிட். தமிழில் 70 குறியீடுகள் அதில் அடங்கும். இதைக் கணினிக்குக் கடத்துவது கடுகைத் தூக்குவது போல. ஆனால் 1,920-க்கு 1,080 புள்ளிகள் கொண்ட திரையை நொடிக்கு 30 முறை அனுப்ப வேண்டுமென்றால், புள்ளிக்கு 24 பிட் வீதம் நொடிக்குச் சுமார் 150 கோடி பிட் ஆகிறது. வீட்டு வைஃபை இதைத் தாங்குவது கடினம். ஆகவே படத்தைச் சுருக்கி, மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிறார்கள். அசையாத பாடப்பக்கம் தெளிவாகத் தெரிவதும், வேகமாக ஓடும் படம் தடுமாறுவதும் இதனால்தான்.

தாழ்ப்பாள் மறவாதீர்

திட்டிவாசல் வழியே நாம் மட்டுமா நுழைய முடியும்? தியாகராய நகரில் ஒரு விடுதி அறையில் மூன்று மாணவர்கள் ஒரே மடிக்கணினியைப் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தம் கைபேசியை அதனுடன் இணைத்துவிட்டு மறந்துபோகிறார். வங்கி அவருக்கு ஓ.டி.பி. எண் ஒன்றை அனுப்புகிறது. கைபேசி அவர் பையில் பத்திரமாக இருக்கிறது; எண்ணோ கணினித் திரையில் மின்னுகிறது! வழியில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி செய்தியை மறைகுறியாக்கி அனுப்பியிருந்தாலும், திரையில் தோன்றியபின் அது எல்லார் கண்ணுக்கும் வெளிச்சம்தான்.

எனவே பொதுக் கணினியில் கைபேசியை இணைக்காதீர்கள். பகிரும் கணினியில் இணைத்தால், வேலை முடிந்ததும் இரு பக்கத்திலும் இணைப்பை நீக்குங்கள். சொந்தக் கணினியிலும், பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் மடிக்கணினியின் பாட்டரிமீதோ அடிப்புறத்திலோ அதன் வாட்-மணி அளவு அச்சிடப்பட்டிருக்கலாம். பாட்டரி விழுக்காட்டைக் குறித்துக்கொண்டு, மின்னிணைப்பு இல்லாமல் கணினியை 5 மணி நேரம் உறங்கவிடுங்கள். 50 வாட்-மணி பாட்டரியில் 10 விழுக்காடு குறைந்திருந்தால், செலவு 5 வாட்-மணி. அதாவது சராசரியாக 1 வாட். அடுத்து, விழித்த நிலையில் ஒரு மணி நேரம் வைத்து அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். பெருங்கதவைத் தேவையின்றித் திறந்து வைப்பதன் விலை உங்களுக்கே விளங்கும்.