விற்காத படம்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடும் மீனிலிருந்தே தொடங்குவர். நான் பாடசாலை மைதானத்தில் இட்ட சுண்ணாம்புக் கோட்டிலிருந்து தொடங்குகிறேன். தை பிறந்து, மாரி வெள்ளம் வடிந்து, புல்தரை காய்ந்ததும் புளியந்தீவிலும் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் களுவாஞ்சிக்குடியிலும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் ஆரம்பமாகிவிடும். சிவப்பும் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகக் கொடிகள் பறக்கும். அக்கொடிகளின் கீழே, கழுத்தில் கமரா தொங்க, நாற்பது ஆண்டுகள் நின்று காசு தேடியவன் நான். ஆசிரியத் தொழில் எனக்குச் சோறு தந்தது. படத்தொழில் கறிக்குக் காசு தந்தது.

இன்றும் மாணவர் சிலர் என்னிடம் வருகின்றனர். “சேர், விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்துச் சம்பாதிக்கலாமா?” என்று கேட்கின்றனர். சம்பாதிக்கலாம் என்பதே என் மறுமொழி. ஆயினும் பணம் எங்கே வருகிறது, எங்கே வருவதில்லை, வராத இடத்தில் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும். மூன்றாவதை நான் மிகவும் பிந்தியே கற்றேன். அதனாலேயே இதனை எழுதுகிறேன்.

பன்னிரண்டு படங்கள்

1968ஆம் ஆண்டு எனக்கு வயது பதினேழு. கொழும்பிலே வேலை பார்த்த மாமா தமது பழைய கமராவை எனக்குத் தந்தார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். பதின்மூன்றாவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதன் மிகுந்த வேகம் ஒரு வினாடியில் நூற்றிலொரு பங்கு. அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நூறு மீற்றரைப் பன்னிரண்டு வினாடியில் ஓடும் மாணவன், வினாடிக்கு எட்டு மீற்றருக்கு மேல் கடக்கிறான். நூற்றிலொரு பங்கு வினாடிக்குள் அவன் எட்டுச் சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவான். குறுக்கே ஓடுபவனைப் படமெடுத்தால் கையும் காலும் புகையாகவே பதியும்.

வசதியில்லாதவனுக்கு அறிவே கருவி. என்னை நோக்கி ஓடி வருபவனை எடுத்தால் அசைவு குறைவாகத் தெரியும் என்பதைக் கண்டேன். ஆகவே முடிவுக்கோட்டுக்கு நேரெதிரே போய்க் குந்தினேன். உயரம் பாய்பவன் மேலேறி, கீழே விழத் தொடங்குமுன் ஒரு கணம் அந்தரத்தில் நின்றாற் போலிருப்பான். அக்கணத்தைக் கண்டுகொண்டால் எந்தக் கமராவும் போதும். 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கப் பதக்கம் வென்றவர். அதற்குப் பத்து ஆண்டுகள் கழிந்தும் எங்கள் மாணவர்க்கு அவர் மீதிருந்த மயக்கம் தீரவில்லை. குறுக்குத்தடிக்கு மேலே தான் நிற்கும் படம் ஒன்று வேண்டுமென்று கேட்காத பையனே இல்லை.

ஆனால் பணம் அங்கே இல்லை. இதனை முதலாண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது அறிந்தேன். வெற்றி பெற்றவனின் தனிப்படத்தை அவன் ஒருவனே வாங்குவான். அஞ்சலோட்ட அணியின் படத்தை நால்வர் வாங்குவர். அணிநடைக்கு நிற்கும் இல்லத்தாரை வரிசையாக நிறுத்தி எடுத்த ஒரே படத்தை இருபதுபேர் வாங்குவர். இல்லப் பொறுப்பாசிரியர் பெரிதாக்கி ஒன்று வாங்கிச் சட்டமிட்டு மாட்டுவார். சுருளிலே செலவாவது இரண்டுக்கும் ஓரிடமே. தனிப்படத்தில் கலை இருக்கிறது. கூட்டப்படத்தில் காசு இருக்கிறது. இதை உணராத இளைஞர் பலர் இரண்டே பருவத்தில் தொழிலை விட்டுப் போனதைக் கண்டிருக்கிறேன்.

நியூயோர்க்கில் ஒரு சிறுவன்

உலகம் போற்றும் படப்பிடிப்பாளர் ஒருவரும் இப்படித்தான் தொடங்கினார். நியூயோர்க் நகரின் ஏழைப் பகுதியொன்றில் வளர்ந்தவர் நீல் லைபர். உள்ளே போகச் சீட்டு வாங்க வசதியில்லை. போரில் ஊனமுற்ற பழைய படைவீரர்களைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் மைதானத்துக்குள் விடுவர் என்று அறிந்து, அவ்வேலையைச் செய்தார். 1958ஆம் ஆண்டு திசெம்பர் 28ஆம் திகதி, அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டியில், வெற்றியைத் தீர்மானித்த கணத்தைத் தம் கமராவிலே பிடித்தார். அன்று அவருக்குப் பதினாறாவது பிறந்தநாள்.

1965ஆம் ஆண்டு மே மாதம், முகம்மது அலி, கீழே வீழ்ந்து கிடந்த லிஸ்ரனைப் பார்த்து முழங்கிய கணத்தை எடுத்தவரும் அவரே. அப்படத்தைக் கூர்ந்து பாருங்கள்: அலியின் கால்களுக்கிடையே, எதிர்ப்புறத்தில், வயதிலும் அனுபவத்திலும் மூத்த இன்னொரு படப்பிடிப்பாளர் தெரிவார். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு மட்டுமே. திறமை இருவர்க்கும் இருந்தது. நின்ற இடம் வேறு. இத்தனை புகழ்பெற்ற அப்படம் அன்று அவர் வேலை செய்த சஞ்சிகையின் முகப்பில் வரவில்லை. படத்தின் மதிப்பு எடுத்த அன்றே தெரிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நீரும் காற்றும்

எங்கள் வாவிக்கரைக்கு மீள்வோம். 1970ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. பிலிம் கிடைப்பதே அரிதாயிற்று. ஒரு சுருளுடன் ஒரு போட்டி முழுவதையும் ஓட்டினேன். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி வந்தது. கூரை போன வீட்டில், மழை நீரில் ஊறி, பத்து ஆண்டுச் சேகரிப்பும் ஒன்றோடொன்று ஒட்டிப் பசையாய்க் கிடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் உறையிலிட்டு, பெயரும் போட்டியும் ஆண்டும் எழுதி, தகரப் பெட்டியில் அடைத்து, பரண்மேல் வைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டேன்.

பின்னர் போர்க்காலம். கமராவுடன் சோதனைச் சாவடியைக் கடப்பது எளிதன்று. வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு மின்கலம் கொண்டு போகத் தடையிருந்த காலம் உண்டு. ஆயினும் எழுவான்கரையில் போட்டிகள் முற்றாக நின்றுவிடவில்லை. அச்சம் சூழ்ந்த ஊரிலும் பிள்ளைகள் ஓடினார்கள், பெற்றோர் கைதட்டினார்கள், நான் படமெடுத்தேன்.

இருபது ரூபா

1996ஆம் ஆண்டு. பாடசாலையின் பெயர் வேண்டாம். ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓட்டத்தில் முதல் மூவரும் வந்து, கைதட்டல் ஓய்ந்து, அடுத்த போட்டிக்கு அழைப்பும் விடுத்தாயிற்று. அப்பொழுதும் ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்தான். வெறுங்கால், நாவலடிப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கடைசியாக வருகிறோம் என்ற வெட்கம் அவன் முகத்தில் சிறிதும் இல்லை. சுருளில் கடைசிப் படம் ஒன்று மீதியிருந்தது. அதை வீணாக்காமல் அவனை எடுத்தேன்.

அடுத்த கிழமை மாதிரிப் படங்களைப் பாடசாலையில் பரப்பினேன். அவன் தன் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். விலை இருபது ரூபா. “நாளைக்குக் கொண்டாறன் சேர்” என்றான். “காசைக் கொண்டு வா, படத்தைத் தருகிறேன்” என்றேன். அவன் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. படத்தை உறையிலிட்டு, அவன் பெயரை எழுதி, கீழே ‘காசு வரவில்லை’ என்றும் குறித்துப் பெட்டியில் போட்டேன். வியாபாரம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது அன்று என் எண்ணம்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோளை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்திற் கிடந்த நாவலடி பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் அறியாதார் இல்லை. அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், என் வீட்டு வாசலில் ஒரு தாய் வந்து நின்றார்.

“மாஸ்டர், என்ட மகன்ட படம் ஒண்டு உங்களிட்ட இரிக்குமா? வீட்டில இருந்ததெல்லாம் கடல் கொண்டு போயிற்று. நீங்க ஒரு படம் எடுத்தெண்டு முந்தி ஒருக்காச் சொன்னவன்.”

பெயரைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து உறையைக் கண்டுபிடித்தேன். ‘காசு வரவில்லை’ என்ற என் கையெழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரு கையாலும் வாங்கினார், அழவில்லை. பிறகு சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, இருபது ரூபாவை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் பதறி மறுத்தேன்.

“இல்ல மாஸ்டர். காசு குடுக்க வேணுமெண்டு சொல்லிக்கொண்டே இருந்தவன். அவன் கடனாளியாப் போகக் கூடாது.”

வாங்காமல் விட்டிருந்தால் அவரை அவமதித்தவனாவேன். வாங்கினேன். என் நாற்பதாண்டுத் தொழிலில் நான் பெற்ற காசுகளில், செலவு செய்ய முடியாத காசு அதுவொன்றே. அது இன்னும் அந்த உறைக்குள்ளேயே இருக்கிறது.

இளைஞர்க்கு

அன்றைய பாடத்தை அறமென்று மட்டும் நினையாதீர்கள். அதில் கணக்கும் உண்டு. கூட்டப்படங்களில் வரும் இலாபத்தில் பத்திலொரு பங்கை ஒதுக்கினேன். காசில்லாத பிள்ளைக்கு அதிலிருந்து படம் போயிற்று. தொழில் நொடித்துவிடவில்லை, மாறாக, அதிபர்களும் பெற்றோரும் என்னையே நாடி அழைத்தனர். ஒவ்வோர் ஓட்டத்திலும் கடைசியாக வருபவனையும் ஒரு படம் எடுப்பதை விதியாக்கிக்கொண்டேன்.

இன்று சுருளும் இல்லை, இருட்டறையும் இல்லை. எல்லார் கையிலும் படமெடுக்கும் கைத்தொலைபேசி இருக்கிறது. அப்படியானால் உங்களிடம் ஏன் வாங்கவேண்டும்? பார்வையாளர் வரிசையிலிருந்து எட்டாத முகத்தை நீங்கள் எட்டிப் பிடிக்கிறீர்கள் என்பதற்காக. அன்று மாலையே பெயர் பிழையில்லாமல் படம் கொடுக்கிறீர்கள் என்பதற்காக. போட்டிக்கு முன்பே அதிபரைக் கண்டு அனுமதி பெறுங்கள். விலையைப் பகிரங்கமாக எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளின் படத்தை, சிறப்பாகப் பெண்பிள்ளைகளின் படத்தை, பெற்றோரின் சம்மதமின்றி ஊரறியப் பரப்பாதீர்கள். எடுத்தவற்றை ஈரிடங்களிற் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். நீரும் காற்றும் எங்கள் ஊருக்குப் புதியனவல்ல.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பாடசாலை அலுமாரிகளிற் கிடக்கும் பழைய விளையாட்டுப் படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கிண்ணத்தை ஏந்தி நிற்பவனின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பின் வரிசையில் நிற்பவர்களின் பெயர்களையும், அவற்றை அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். எந்தத் தாய் எந்த நாளில் வந்து கேட்பாள் என்று யாருக்குத் தெரியும்?