கோடையில் மலையோட்டமும் காட்டுயிர் நோக்கலும்

மலை ஏறி ஓடுவதும் காட்டுயிர்களைப் பார்ப்பதும் ஒரே வார இறுதியில் கைகூடும். ஒரே நேரத்தில் கைகூடாது. ஓடுகிறவரின் காலடி ஓசை கேட்டதுமே பறவையும் விலங்கும் ஒதுங்கிவிடும். ஆகவே ஓட்டத்தைத் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொண்டு, காட்டுக்குள் நடந்து போவதே முறை.

அடையாறு, மயிலாப்பூர், பெசன்ட் நகர் பகுதிகளில் அதிகாலையில் ஓடுகிறவர்களுக்குப் பழக்கமானது சமதளம். சுமார் 300 அடி உயரமுள்ள பரங்கிமலை சிறு பயிற்சிக்கு உதவும். நீண்ட ஏற்றம் வேண்டுமென்றால் திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரி வசதியானது. சென்னை சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயிலிலேயே போய்விடலாம். மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கம்பர், ஔவையார், பாரதியார், பாரி, அதியமான் என்று புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள் அவற்றுக்கு வைக்கப்பட்டுள்ளன.

உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறையும். சுமார் 1,000 மீட்டர் உயரத்திலுள்ள ஏலகிரி, அக்னி நட்சத்திர நாட்களிலும் ஓரளவு இதமாக இருப்பது இதனால்தான். ஆனால் அடிவாரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். நன்றாக விடிந்தபின் கிளம்பி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

ஏற்றத்தில் வேகத்தைப் பார்க்கக் கூடாது, மூச்சைப் பார்க்க வேண்டும். எட்டைக் குறுக்கி வைக்க வேண்டும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நடந்துவிடலாம்; தேர்ந்த மலையோட்டக்காரர்களும் செங்குத்தான இடங்களில் நடக்கிறார்கள். இறக்கம் சுலபமாகத் தெரிந்தாலும் கால்களை அதிகம் படுத்துவது அதுதான். ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. அதில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால்தான் ஓரிரு நாள் கழித்துப் படி இறங்கும்போது தொடை வலிக்கிறது.

மாலை நடையில் விலங்கைக் காட்டிலும் தடயமே முதலில் கண்ணில் படும். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கரடிகள் உண்டு. கரையான் புற்று ஆழமாகத் தோண்டப்பட்டு, உடைந்த மண் இன்னும் ஈரமாக இருந்தால், கரடி வந்துபோய் அதிக நேரம் ஆகவில்லை என்று பொருள். பழக்கொட்டைகள் கலந்த எச்சமும் அதன் அடையாளம். அங்கிருந்து வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது. கரடிக்குப் பார்வை மந்தம். திடீரென்று அருகில் ஆளைக் கண்டால் மிரண்டு தாக்கும். காட்டில் ஓடக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுவே. ஏற்காட்டுப் பக்கம் திரியும் காட்டெருமையிடமும் விலகியே நிற்க வேண்டும்; முழு வளர்ச்சி பெற்ற ஆண் ஒரு டன் எடையை எட்டும்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்கள் பலரைப் பலிகொண்டது. அதன்பின் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. காட்டுத்தீ அபாயமுள்ள பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை மலையேற்றப் பாதைகள் மூடப்படுகின்றன. கோடைப் பயணத்தை அதற்குப் பிறகே வைத்துக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. ஏலகிரியின் சுவாமிமலைப் பாதை அவற்றுள் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார்.