குளிரும் மருந்தும்

கோடை பிறந்தவுடன் நம் வீட்டுத் தாய்மார்கள் கத்தரிக்காயையும் கொத்தவரங்காயையும் நறுக்கி, வெயிலில் உலர்த்தி, வற்றலாக்கிச் சேமிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நறுக்கிய கத்தரிக்காயை அப்படியே வைத்தால் இரண்டொரு நாளில் அழுகிவிடும். அதே காய் வற்றலாகிவிட்டால் அடுத்த கோடை வரையில் இருக்கும். காயிலிருந்து பெரும்பாலும் வெளியேறியது நீர் ஒன்றே. நீர், வெப்பம், காற்று, வெளிச்சம் ஆகிய நான்குமே ஒரு பொருளின் ஆயுளை அளக்கும் கோல்கள். இவ்வுண்மையை மனத்திற்கொண்டால், பெப்டைடுகள் என்னும் நுண்பொருள்களைப் பேணுவது பற்றி நான் இன்று கூறப்போவது எளிதில் விளங்கும்.

பெப்டைடு என்பது யாது? அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த சரம் என்று சொல்லலாம். சரம் மிக நீண்டதாயின் அதைப் புரதம் என்கிறோம். குறுகியதாயின் பெப்டைடு என்கிறோம். ஏறத்தாழ ஐம்பது மணிகளை இவ்விரண்டுக்கும் எல்லையாகக் கொள்வது வழக்கம். பிள்ளைப்பேற்றின்போது தாய்க்கு உண்டாகும் குருதிப்போக்கைத் தடுக்க உதவும் ஆக்ஸிடோசினில் 9 மணிகளே உள்ளன. நீரிழிவு நோயாளருக்கு உயிர் தரும் இன்சுலினில் 51 மணிகள் உள்ளன. அது 21 மணிகள் கொண்ட ஒரு சரமும் 30 மணிகள் கொண்ட மற்றொரு சரமும் கந்தகப் பாலங்களால் இணைந்த அமைப்பு. இம்மணிகளின் வரிசையைப் பல்லாண்டு உழைத்துக் கண்டறிந்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரடெரிக் ஸாங்கர். அதற்காக அவருக்கு 1958ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

இன்சுலினின் அருமையை உணர 1922ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அதற்கு முன்பு, கடும் நீரிழிவு கண்ட குழந்தைகளின் பெற்றோர் அவர்கள் மெலிந்து மடிவதைப் பார்த்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாதவராயிருந்தனர். கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் 1921ஆம் ஆண்டில் கணையத்திலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்ஸன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. காலிப் என்னும் வேதியியலார் மருந்தை மேலும் தூய்மைப்படுத்தித் தந்த பின்னரே சிறுவன் தேறினான். அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான்.

இத்தகைய மருந்தை நானே ஒருமுறை பாழாக்கியிருக்கிறேன். அதை உங்களிடம் மறைப்பதற்கில்லை.

நான் கல்லூரியில் பயின்ற காலம். என் தந்தையார் நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்வார். மருந்துப் புட்டிகளைக் குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில் வைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரு கோடைவிடுமுறையில் வீட்டுக்கு வந்த நான், குளிர் நல்லதென்றால் மிகுந்த குளிர் இன்னும் நல்லதன்றோ என்று எண்ணி, புதிய புட்டிகளைப் பனிக்கட்டி உறையும் மேலறையில் வைத்துவிட்டேன். வேண்டும்போது ஒன்றை எடுத்து உருகவைத்துக் கொடுப்பேன். பார்வைக்கு அதில் ஒரு மாறுதலும் இல்லை. தெளிந்த நீர்போலவே இருந்தது.

மூன்று வாரங்களில் தந்தையார் தளர்ந்துபோனார். ஓயாத தாகம், இரவில் பலமுறை எழவேண்டிய தொல்லை. குருதியில் சர்க்கரை ஏறியிருந்தது. என் தாயார், அவர் யாருக்கும் தெரியாமல் கடைத்தெருவில் இனிப்பு உண்கிறார் என்று உறுதியாக நம்பினார். நானும் நம்பினேன். அவர் மறுத்துச் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் மருத்துவர்தாம், “தம்பி, மருந்தை எங்கே வைக்கிறாய்?” என்று கேட்டார். நான் சற்றுப் பெருமையோடே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா இனிப்புத் தின்னவில்லை, தம்பி. நீ மருந்தைக் கொன்றுவிட்டாய்” என்றார்.

குளிர் எவ்வாறு மருந்தைக் கொல்லும்? கரைசல் உறையும்போது முதலில் பனிக்கட்டியாவது தூய நீர். மருந்தும் உப்புகளும் எஞ்சிய சிறிதளவு நீரில் நெருக்குண்டு நிற்கின்றன. பனிக்கட்டியின் பரப்பில் மருந்தின் மடிப்புகள் குலைகின்றன. குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. பனிக்கட்டி உருகினாலும் திரண்டவை பிரிவதில்லை. இயல்பிலேயே கலங்கலாக இருக்கும் இன்சுலின் வகைகளில் துகள்கள் கட்டிபட்டுவிடும். பிறகு எடுக்கும் ஒவ்வோர் ஊசியிலும் அளவு வேறுபடும். ஆதலால் ஒருமுறை உறைந்த இன்சுலினை, அது எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும், பயன்படுத்தலாகாது.

வெப்பம் செய்யும் தீங்கு வேறு வகையானது. சூடு பத்துப் பாகை ஏறினால் வேதிமாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது வேதியியலில் ஒரு பொது விதி. சரத்திலுள்ள அஸ்பராஜீன் போன்ற சில மணிகள் நீரோடு வினைபுரிந்து மெல்ல மாறுகின்றன. சூடும் குலுக்கலும் சேர்ந்தால் மூலக்கூறுகள் நார்நாராய்ப் பின்னிக்கொள்கின்றன. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் மருந்தை விட்டுவைப்பதும், புட்டியை வேகமாகக் குலுக்குவதும் ஆகாது என்பது இதனால்தான். கலங்கல் வகையைக் கூட உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டியே கலக்கவேண்டும்.

எனவே விதி இதுதான்: திறவாத புட்டியை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையுள்ள குளிரில் வைத்தால், அட்டையில் அச்சிட்ட தேதி வரையில் இருக்கும். திறந்து பயன்படுத்தத் தொடங்கியதை, 30 பாகைக்கு மேற்படாத இடத்தில், பெரும்பாலான வகைகளில் 28 நாள் வைத்துக்கொள்ளலாம். சில புதிய வகைகளுக்கு 42 நாள், 56 நாள் என்றும் கெடு உண்டு. உடன்வரும் தாளைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். திறந்த நாளைப் புட்டியின்மேல் எழுதிவைப்பது சிறந்த பழக்கம்.

குளிர்ப்பெட்டி இல்லாதவர் என் செய்வது? எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் வட கென்யாவின் டகஹாலி அகதிகள் முகாமில் நிலவும் வெப்பத்தை அளந்து, அதே ஏற்றத்தாழ்வை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி ஆராய்ந்தன. முடிவுகள் 2021இல் வெளியாயின. 25க்கும் 37க்கும் இடையே ஏறியிறங்கும் சூட்டில் நான்கு வாரம் இருந்த இன்சுலின், குளிரில் இருந்ததற்கு ஒப்பாகவே வீரியம் குன்றாதிருந்தது. ஆகவே குளிர்ப்பெட்டி இல்லையே என்று அஞ்சி மருந்தையே கைவிடுவது பெருந்தவறு. ஈர மணலிட்ட மண்பானைக்குள் சிறு பானையை வைத்து அதில் மருந்தை வைக்கலாம். நீர் ஆவியாகும்போது சூட்டையும் கவர்ந்து செல்கிறது. வறண்ட ஊர்களில் இம்முறை நன்கு உதவும். காற்றிலேயே ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் அத்துணைப் பயன் தராது.

ஆய்வுக்கூடத்திற் பணிபுரிய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சொல். அங்கே பெப்டைடுகள் பெரும்பாலும் வற்றல் வடிவிலேயே வரும். உறையவைத்து, வெற்றிடத்தில் நீரை நீக்கிய பொடி அது. நீரற்ற பொடிக்கு உறைகுளிர் பகையன்று. 20 பாகை உறைநிலைக்குக் கீழே ஈரமின்றி மூடி வைத்தால் அது ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஆனால் வெளியே எடுத்தவுடன் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த நீருள்ள குவளையின் புறத்தே நீர் முத்துகள் அரும்புவதுபோல் பொடியிலும் ஈரம் படியும். அறையின் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். கரைத்துவிட்டாலோ ஆயுள் நாட்களாகவும் வாரங்களாகவும் குறுகிவிடும். கரைசலைச் சிறு குப்பிகளாகப் பகிர்ந்து உறையவைத்து, ஒவ்வொன்றையும் ஒரு முறையே உருக்கிப் பயன்படுத்தவேண்டும். பெரிய ஊறுகாய்ச் சாடியில் நாள்தோறும் கை வைக்காமல், சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும் நம் பாட்டிமார் அறிந்த முறையே இது.

கெட்ட பால் திரிந்து காட்டும்; கெட்ட சோறு நாறிக் காட்டும். வீரியம் இழந்த மருந்து பெரும்பாலும் எதையும் காட்டாது. அது கெட்டதை நோயாளியின் உடலே முதலில் அறிகிறது. அப்போதும் நாம் மருந்தை ஐயுறாமல் மனிதரை ஐயுறுகிறோம்.

புதிய புட்டி வந்து சில நாட்களில் தந்தையார் தேறினார். நான் மன்னிப்புக் கேட்டபோது, “படித்த பிள்ளை செய்தால் சரியாயிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்” என்று மட்டும் சொன்னார். அன்றுமுதல் மருந்துடன் வரும் தாளை முழுவதும் படித்த பின்னரே புட்டியைத் தொடுவது என் வழக்கமாயிற்று. நீங்கள் அந்த வழக்கத்தை என்னைப்போல் விலை கொடுத்துப் பெறவேண்டியதில்லை.